நண்பர் சாவி கொடுத்தார், இன்சூரன்ஸ் கொடுக்கவில்லை

கேள்வி:

சார், நான் கோயம்புத்தூர்க்காரன். இங்கிலாந்துக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது, ரெடிங்கில் இருக்கிறேன். இந்த ஊர் லைசென்ஸ் எடுத்து 14 மாதம். போன ஞாயிற்றுக்கிழமை டிவிடேல் பாலாஜி கோவிலுக்குக் குடும்பத்தோடு போய்விட்டுத் திரும்பும்போது, எம்40 சாலையில் வார்விக் பக்கம் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. வண்டி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். பேன்பரிக்குக் கொஞ்சம் முன்னால் வைப்பர் மெதுவாகி, ஸ்டீயரிங் கல்லாகி, வண்டி நின்றேவிட்டது. நல்ல மழை. குழந்தை நனையக் கூடாதென்று மூன்று பேரும் காருக்குள்ளேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நடுவழியில் நின்றால் வந்து மீட்கும் பிரேக்டவுன் கவர் இல்லாததால் அங்கேயே பணம் கட்டிச் சேர்ந்து வண்டியை இழுத்து வரவேண்டியதாயிற்று.

பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது, பாகம் வந்து மாட்டப் பத்து நாள் ஆகும், 480 பவுண்டு என்கிறார் மெக்கானிக். காரை வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது, டீலரிடம் வாங்கியது. பக்கத்துத் தெரு நண்பர் திங்கள்கிழமை மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போனார். போகும்போது சாவியைக் கொடுத்து, "வண்டி சும்மாதான் நிக்கப்போகுது, எடுத்துக்கோடா, ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு" என்றார். செவ்வாயும் புதனும் அதில்தான் குழந்தையை நர்சரியில் விட்டுவிட்டு ஆபீஸ் போனேன். ஆபீஸில் ஒருவர், தனியாகத் தற்காலிக இன்சூரன்ஸ் போடாமல் ஓட்டக் கூடாது என்கிறார். வண்டிக்குத்தான் ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறதே? என் பாலிசியும் கம்ப்ரிஹென்சிவ், அதாவது ஃபுல் இன்சூரன்ஸ்தான். அதில் கர்ட்டசி கார், அதாவது மாற்றுக் கார், உண்டு என்றும் போட்டிருக்கிறது, அதைக் கேட்கலாமா? என் மனைவிக்கு நம் ஊர் லைசென்ஸ் இருக்கிறது, எட்டு வருடம் கார் ஓட்டியவள். அவளும் நண்பர் வண்டியை ஓட்டலாமா?

பதில்:

உங்கள் மின்னஞ்சலைப் பார்த்த அன்றே, நாளை அந்த வண்டியை எடுக்காதீர்கள் என்று ஒரு வரி அனுப்பினேன். கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். ஏன் என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறேன். வாகன இன்சூரன்ஸ் புரோக்கராக இந்த நாட்டில் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். நம் ஊரிலிருந்து வருபவர்கள் இந்த ஓர் இடத்தில்தான் திரும்பத் திரும்ப வழுக்குகிறார்கள். படிப்பு, அனுபவம் எதுவும் இதில் வித்தியாசமில்லை. டாக்டர்கள்கூட வந்து நின்றிருக்கிறார்கள்.

ஊரில் மாமா வண்டியை மச்சான் எடுப்பார், மச்சான் வண்டியைப் பக்கத்து வீட்டுத் தம்பி எடுப்பான். போலீஸ் நிறுத்தினால் ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் மூன்றையும் காட்டிவிட்டுப் போகலாம். அதில் தப்பும் இல்லை. இந்தியாவில் பாலிசி வண்டியோடு ஒட்டியது. செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்து, உரிமையாளர் சம்மதத்தோடு ஓட்டினால் யார் ஓட்டினாலும் பாலிசி பொதுவாகப் பேசும். இங்கே அப்படி இல்லை. பாலிசியில் வண்டியின் எண்ணும் இருக்கும், அதை யார் யார் ஓட்டலாம் என்ற பெயர்களும் இருக்கும். இரண்டும் பொருந்தினால்தான் இன்சூரன்ஸ். இதில் ஒரு வேடிக்கை, இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டமும் 1988, இங்குள்ள சாலைப் போக்குவரத்துச் சட்டமும் 1988. ஒரே வருடத்துப் பிள்ளைகள், குணம் மட்டும் வேறு.

ஆக, உங்கள் நண்பர் சொன்ன 'ஃபுல் இன்சூரன்ஸ்' அவருக்கு ஃபுல். ஒருவேளை அவர் மனைவிக்கும். உங்கள் பெயர் அவருடைய இன்சூரன்ஸ் சான்றிதழில் இல்லையென்றால் உங்களுக்கு அந்த வண்டியில் இன்சூரன்ஸே இல்லை. செவ்வாயும் புதனும் நீங்கள் ஓட்டியது, சட்டத்தின் கண்ணில், இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியது. "இருக்கிறதென்று நினைத்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது, நம்பி ஏமாந்தாலும் குற்றம் குற்றம்தான். நடந்து முடிந்த இரண்டு நாளுக்கு இப்போது பாலிசி வாங்கவும் முடியாது. எதிலும் மோதாமல் வந்தீர்களே, அந்த மட்டுக்கும் நல்லது.

பிடிபட்டால் என்ன? அந்த இடத்திலேயே 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 6 புள்ளி. வழக்கு நீதிமன்றம் போனால் அபராதத்துக்கு உச்சவரம்பே கிடையாது, ஓட்டத் தடையும் விதிக்கலாம். வண்டியை அங்கேயே பறிமுதல் செய்யும் அதிகாரம் போலீஸுக்கு உண்டு. அப்புறம், உங்கள் விஷயத்தில் 300 பவுண்டைவிடப் பெரிய இடி அந்த 6 புள்ளியில்தான் இருக்கிறது. லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் முடியாதவர்களுக்கு 6 புள்ளி விழுந்தால் லைசென்ஸே ரத்து. நீங்கள் 14 மாதத்தில் இருக்கிறீர்கள். மறுபடி புரொவிஷனல் என்ற கற்பவர் லைசென்ஸ், மறுபடி தியரி, மறுபடி செய்முறைத் தேர்வு. தேர்வுக்குத் தேதி வாங்க எத்தனை நாள் விடியற்காலையில் எழுந்து வலைத்தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்பது உங்களுக்கே நினைவிருக்கும். அந்தக் குற்றக் குறியீடு நான்கு வருடம் லைசென்ஸில் நிற்கும். இன்சூரன்ஸ் கம்பெனிகள் பொதுவாக ஐந்து வருடக் கதை கேட்கும், அந்தக் காலம் முழுக்க பிரீமியம் எகிறும்.

நண்பருக்கும் இதில் பங்கு உண்டு. இன்சூரன்ஸ் இல்லாதவரை ஓட்ட அனுமதிப்பது தனிக் குற்றம், அதற்கும் புள்ளி உண்டு. விபத்தில் யாருக்காவது அடிபட்டால், நண்பரின் கம்பெனி சட்டப்படி அடிபட்டவருக்குப் பணம் கொடுக்கவேண்டி வரலாம். கொடுத்துவிட்டு உங்களிடமும், சாவி கொடுத்த அவரிடமும் வசூலிக்க வரும்.

"நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமரா இருக்கிறதே, இரண்டு நாளும் ஒன்றும் ஆகவில்லையே" என்று கேட்பீர்கள். கேமரா வண்டியின் எண்ணைத்தான் பார்க்கிறது. அந்த வண்டிக்குப் பாலிசி இருக்கிறது, அதனால் சும்மா விட்டுவிடும். ஆனால் ஒரு பிரேக் விளக்கு எரியவில்லை என்று போலீஸ்காரர் ஓரம் கட்டச் சொல்லிப் பெயரைக் கேட்டால் கதை வேறு.

என் வாடிக்கையாளர் ஒருவருக்கு இப்படித்தான் ஆனது. அவர் திருச்சியில் தங்கை கல்யாணத்தில் இருந்தார், இங்கே அவர் வண்டியை அறைத்தோழர் எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறார். பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று நிறுத்தினார்கள். அரை மணி நேரத்தில் வண்டி லாரியில் ஏறிப் போய்விட்டது, தோழர் அரிசி மூட்டையோடு நடைபாதையில் நின்றார். எனக்கு போன் வந்தது ராத்திரி. சாதாரண ஒருநாள் பாலிசி வாங்கி வண்டியை மீட்டுவிடலாம் என்று அவர்கள் நினைத்தார்கள். பெரும்பாலான தற்காலிக பாலிசிகள் பறிமுதலான வண்டியை மீட்கச் செல்லாது, அதற்கென்று தனி பாலிசி வேண்டும், குறைந்தது 30 நாளுக்கு எடுக்கவேண்டும். வண்டியைத் தூக்கிய கட்டணம் 192 பவுண்டு, அப்புறம் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 26. உரிமையாளரோ திருச்சியில். கல்யாண மண்டபத்திலிருந்து அவர் அனுமதிக் கடிதம் எழுதி, பாஸ்போர்ட் நகல் எடுத்து அனுப்பி, வண்டி வெளியே வர ஆறு நாள் ஆயிற்று. நட்பு வரவில்லை.

சரி, உங்கள் பாலிசிக்கு வருவோம். 'மற்ற கார்களை ஓட்டலாம்' என்று ஒரு சலுகை சில கம்ப்ரிஹென்சிவ் பாலிசிகளில் உண்டு. முன்பெல்லாம் சாதாரணமாகக் கொடுத்தார்கள், இப்போது குறைந்துகொண்டே வருகிறது. பாலிசிப் புத்தகத்தைப் புரட்டாதீர்கள், அது எல்லோருக்கும் ஒரே மாதிரி அச்சடித்தது. இன்சூரன்ஸ் சான்றிதழ் என்று ஒற்றைத் தாள் ஒன்று வந்திருக்கும், அதில் 'ஓட்ட உரிமை உள்ளவர்கள்' என்ற பகுதியைப் பாருங்கள். அந்தச் சலுகை இருந்தால் அங்கே எழுதியிருக்கும், இல்லையென்றால் இல்லை. பொதுவாக 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை. பாலிசிதாரருக்கு மட்டும்தான், கூடப் பெயர் சேர்த்தவர்களுக்குக் கிடையாது.

இருந்தாலும் மகிழ்ந்துவிடாதீர்கள். அது மூன்றாம் நபருக்கான இன்சூரன்ஸ் மட்டும். நீங்கள் சூப்பர் மார்க்கெட் தூணில் உரசினால் தூணுக்குப் பணம் கிடைக்கும், நண்பரின் கதவுக்குக் கிடைக்காது. யாராவது திருடிப்போனாலும் அப்படித்தான். ஓர் அவசரத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு ஒரு ஓட்டம் என்றால் சரி. மூன்று வாரம் தினமும் நர்சரிக்கும் ஆபீஸுக்கும் ஓட்ட அது ஏற்றதல்ல, நண்பரின் வண்டியை அப்படிப் பணயம் வைப்பதும் சரியல்ல.

பிறகு என்ன வழி? என் யோசனை, தனியாக ஒரு தற்காலிக பாலிசி. உங்கள் பெயரில், நண்பரின் வண்டி எண்ணுக்கு, கம்ப்ரிஹென்சிவாக. ஒரு மணி நேரத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மாதம் வரை கிடைக்கும். போனிலேயே வாங்கலாம், பத்து நிமிட வேலை. இதன் பெரிய லாபம், நீங்கள் எங்காவது இடித்துவிட்டால் கிளெய்ம் உங்கள் தற்காலிக பாலிசியில்தான் போகும். நண்பர் வருடக்கணக்காகச் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் பொதுவாக அப்படியே இருக்கும். அவருடைய பாலிசியிலேயே உங்கள் பெயரைச் சேர்ப்பது இன்னொரு வழி. ஆனால் அதற்கு அவர்தான் ஊரிலிருந்து போன் போட்டு, நேர வித்தியாசத்தில் வரிசையில் காத்திருந்து, கட்டணம் கட்ட வேண்டும், கிளெய்ம் வந்தால் அவர் தலையில். நல்ல மனதோடு சாவி கொடுத்தவருக்கு அந்த வேலை வேண்டாம். இரண்டுக்கும் முன்னால், உங்கள் சொந்தக் கம்பெனிக்கு ஒரு போன் போட்டு, என் கார் பழுதில் நிற்கிறது, பத்து நாளைக்கு வேறு வண்டியைத் தற்காலிகமாகச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். சில கம்பெனிகள் சின்னக் கட்டணத்தில் செய்துகொடுக்கும், சில மாட்டோம் என்று சொல்லிவிடும். கேட்க ஐந்து நிமிடம்தான்.

தற்காலிக பாலிசியில் கவனிக்கவேண்டிய சில இடங்கள் உண்டு. லைசென்ஸ் எடுத்து எவ்வளவு காலம் என்று கேட்பார்கள். 14 மாதம் என்பதைச் சிலர் ஏற்பார்கள், சிலர் கணினியிலேயே கதவைச் சாத்துவார்கள். ஒன்றில் மறுத்தால் அடுத்ததைப் பாருங்கள், 14ஐ 24 ஆக்காதீர்கள். லைசென்ஸ் எண்ணைப் போட்டதும் அவர்களுக்கே தேதி தெரிந்துவிடும். எதற்காக ஓட்டுகிறீர்கள் என்ற கேள்விக்கு, வீட்டு உபயோகம் மட்டும் என்று இருந்தால் ஆபீஸ் போகும் வழியில் நடந்த விபத்துக்குப் பணம் வராது. வேலைக்குப் போய்வருவதும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸஸ் தொகையை, அதாவது கிளெய்மில் நீங்கள் கையிலிருந்து போடவேண்டிய முதல் பகுதியை, கண்ணைத் திறந்து படியுங்கள். தற்காலிக பாலிசிகளில் அது வழக்கத்தைவிட அதிகமாகவே இருக்கும். விலை விஷயத்தில், ஒருநாள் விலையைப் பார்த்துப் பத்தால் பெருக்கி மயங்கி விழ வேண்டாம். நாள் கூடக் கூட நாள் கணக்கு மலிவாகும். மெக்கானிக் பத்து நாள் என்றால் இரண்டு வாரத்துக்கு எடுங்கள். மெக்கானிக்கின் பத்து நாள் எப்போது பத்து நாளாக இருந்திருக்கிறது? ஒன்று மட்டும், ஒரு மாதத்துக்குக் குறைந்த பாலிசிகளை வாங்கியபின் வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கும் 14 நாள் உரிமை பொதுவாகக் கிடையாது. அதனால் வண்டி எண்ணையும் தேதியையும் இருமுறை சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நம் ஆட்களின் வாட்ஸாப் குழுக்களில் இது நிறைய நடக்கிறது. "எனக்குத் தெரிஞ்ச அண்ணா ஒருத்தர் பாதி விலைக்கு இன்சூரன்ஸ் போட்டுத் தருவார், பணத்தை நேரா அனுப்பிடுங்க" என்பார்கள். வரும் சான்றிதழ் அச்சு அசலாக இருக்கும். உண்மையில் பாலிசியே இருக்காது, அல்லது உங்கள் வயதையும் வேலையையும் முகவரியையும் மாற்றி எடுத்த பாலிசியாக இருக்கும். இரண்டிலும் நீங்கள் இன்சூரன்ஸ் இல்லாதவர்தான். விற்பவர் நிதி நடத்தை ஆணையத்தின் பதிவேட்டில் இருக்கிறாரா என்று வலைத்தளத்தில் பார்க்கலாம். அண்ணா அதில் இருக்கமாட்டார்.

உங்கள் மனைவி விஷயம். எத்தனை வருடம் இங்கே இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை, உங்களோடே வந்திருந்தால் பதில் எளிது: ஓட்டக் கூடாது. இந்திய லைசென்ஸில் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம். அதற்குப் பிறகு அது வெறும் அட்டை. ஜப்பான், சிங்கப்பூர், ஆஸ்திரேலியா போன்ற நாட்டுக்காரர்கள் தேர்வில்லாமல் மாற்றிக்கொள்ளலாம், இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. உக்கடம் சிக்னலில் எட்டு வருடம் ஓட்டிய கைக்கு ரெடிங் ஒரு பொருட்டே இல்லை என்பது எனக்கும் தெரியும், ஆனால் சட்டத்துக்குத் தெரியாது. புரொவிஷனலுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், இணையத்தில் 34 பவுண்டு. அப்புறம், நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிடலாம் என்று நினைத்தால் அதுவும் இப்போதைக்கு முடியாது. கற்பவர் பக்கத்தில் இருப்பவருக்கு 21 வயது நிறைந்து, முழு லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும். உங்கள் இந்திய வருடங்கள் இந்தக் கணக்கில் வராது. இதைக் கேட்டால் வீட்டில் உங்களைவிட அவர்தான் சந்தோஷப்படுவார்.

கர்ட்டசி கார் கிடைக்காது. விபத்தில் அடிபட்ட வண்டி, கம்பெனி அங்கீகரித்த கராஜில் நிற்கும் நாட்களுக்குத்தான் அது. வாகன இன்சூரன்ஸுக்கும் எஞ்சின் பழுதுக்கும் சம்பந்தமே இல்லை. ஆல்டர்னேட்டருக்கும் பணம் வராது, மாற்று வண்டியும் வராது.

ஆனால் அந்த 480 பவுண்டு விஷயத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மெக்கானிக்கிடம், பாகத்துக்கு இன்னும் சொல்லவில்லையென்றால் இரண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். காரை டீலரிடம் வாங்கி ஐந்து மாதம் என்கிறீர்கள். 2015ஆம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்றபோதே இருந்ததாகத்தான் முதலில் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது டீலர். அதைச் சரிசெய்ய ஒரு வாய்ப்பை நீங்கள் அவருக்குக் கொடுக்க வேண்டும். வேறு கராஜில் மாட்டிவிட்டு ரசீதை நீட்டினால், எனக்கு வாய்ப்பே தரவில்லையே என்று கையை விரிப்பார். அதனால் முதலில் டீலருக்கு மின்னஞ்சல் போடுங்கள். போனில் பேசினாலும் பேசியதை எழுத்தில் அனுப்புங்கள். மெக்கானிக்கிடம் அவர் கண்டதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் எத்தனை வோல்ட் காட்டியது என்பது உட்பட. 14 பக்கம் இருக்க வேண்டியது 12க்குக் கீழே நின்றால், பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். பழைய வண்டி, ஓடித் தேய்ந்த பாகம் என்று டீலர் வாதாடுவார். வண்டியின் வயதையும் மைலேஜையும் விலையையும் சட்டமும் கணக்கில் எடுக்கும், அதனால் முழுத்தொகை வரும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். பாதியாவது ஏற்கச் சொல்லிப் பேச உங்களுக்கு இடம் இருக்கிறது. விலையில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், டீலர் மசியாவிட்டாலும் கார்டு கம்பெனியிடம் போகலாம். வண்டியின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை இருந்தால் அந்த உரிமை உண்டு. ஆறு மாதம் முடிய உங்களுக்கு நான்கு வாரம்கூட இருக்கிறதோ இல்லையோ, வாங்கிய தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

கார் ஓடாமல் நிற்கிறதே என்று அதன் இன்சூரன்ஸை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். சாலையில் இறக்கவில்லை என்று அரசுக்கு அறிவிப்புக் கொடுத்துத் தனியார் இடத்தில் நிறுத்தினாலொழிய, ஓடாத வண்டிக்கும் இங்கே இன்சூரன்ஸ் இருந்தே ஆகவேண்டும்.

இனி அந்த மழை நாளைப் பற்றி. இதை நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் உங்கள் கடிதத்தில் என் வயிற்றைக் கலக்கியது அந்த முக்கால் மணி நேரம்தான். மோட்டார்வேயின் ஓரப் பாதையில் நிற்கும் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது போல ஆபத்தான காரியம் வேறில்லை. பக்கத்தில் லாரிகள் மணிக்கு 56 மைலில் போகின்றன. ஒரு டிரைவர் கண் அசந்தால் போதும். அடுத்தமுறை, வரவே வேண்டாம், வந்தால், வண்டியை முடிந்தவரை இடதுபக்கம் ஒட்டி, சக்கரத்தை இடதுபக்கம் திருப்பி நிறுத்துங்கள். நான்கு விளக்கையும் மின்ன விட்டு, எல்லோரும் இடதுபக்கக் கதவு வழியாக இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள். குழந்தை நனையட்டும். துண்டால் துடைத்துக்கொள்ளலாம். டிக்கியில் ஒரு பழைய போர்வையும் இரண்டு மழைக்கோட்டும் போட்டு வையுங்கள். பின்னால் முக்கோணம் வைக்கிறேன் என்று மோட்டார்வேயில் நடக்காதீர்கள், அது சாதாரணச் சாலைகளுக்கு மட்டும். இங்கிலாந்து நெடுஞ்சாலைத் துறையை 0300 123 5000 எண்ணில் அழைக்கலாம். எங்கே நிற்கிறோம் என்று தெரியவில்லையென்றால், ஓரத்தில் 100 மீட்டருக்கு ஒன்றாக நடப்பட்டிருக்கும் சின்னக் கம்பங்களில் எண் இருக்கும், அதைச் சொல்லுங்கள். ஓடும் பாதையின் நடுவிலேயே வண்டி நின்று, இறங்கிப் போக முடியாத நிலை என்றால் மட்டும், பெல்ட்டைக் கழற்றாமல், விளக்குகளை மின்ன விட்டு, உள்ளேயே இருந்து 999ஐ அழைக்க வேண்டும்.

பேட்டரி விளக்கு சிவப்பாக எரிவது 'பேட்டரி பழசு' என்ற எச்சரிக்கை அல்ல. சார்ஜ் ஏறுவது நின்றுவிட்டது, இனி இருக்கும் சேமிப்பில்தான் வண்டி ஓடுகிறது என்று அர்த்தம். நீங்களோ மழையில் வைப்பர், முன்விளக்கு, ஹீட்டர், பின்கண்ணாடிச் சூடு, குழந்தைக்குப் பாட்டு என்று எல்லாவற்றையும் போட்டிருப்பீர்கள். ஸ்டீயரிங் கல்லானதும் அதனால்தான், அதுவும் மின்சாரத்தில் இயங்குவது. விளக்கு வார்விக் பக்கம் எரிந்தது என்கிறீர்கள், அதற்குப் பிறகு வார்விக் சர்வீசஸ் என்ற சாலையோர ஓய்விடத்தைத் தாண்டித்தான் பேன்பரிப் பக்கம் வந்திருப்பீர்கள். ஹீட்டரையும் பாட்டையும் அணைத்துவிட்டு அங்கே ஒதுங்கியிருந்தால் டீ குடித்துக்கொண்டே மீட்பு வண்டிக்குக் காத்திருக்கலாம்.

பிரேக்டவுன் கவரை இப்போது ஒரு வருடத்துக்கு எடுத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். ரசீதைப் பிரித்து, வீட்டு வாசலில் கிளம்பாமல் நின்றால் வருவார்களா என்று பாருங்கள், அடிப்படைத் திட்டங்களில் பெரும்பாலும் அது இருக்காது. அந்தக் கவர் காருக்கா, உங்களுக்கா என்றும் பாருங்கள். உங்களுக்கு என்றால் நண்பரின் வண்டியில் போகும்போதும் செல்லும். மாதக் கட்டணம் கட்டும் வங்கிக் கணக்கு இருந்தால் அதையும் ஒருமுறை பாருங்கள். சிலவற்றில் பிரேக்டவுன் கவர் கூடவே வரும், பலர் அது தெரியாமல் இரண்டு முறை கட்டிக்கொண்டிருப்பார்கள்.

நண்பரின் வண்டியை எடுக்கும் முன், அதன் எம்.ஓ.டி., அதாவது வருடாந்திர வாகனச் சோதனைச் சான்று, இந்த மூன்று வாரத்துக்குள் முடிகிறதா என்று அரசு வலைத்தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பழைய டீசல் வண்டி என்றால் ஹீத்ரோ பக்கம் போனாலே லண்டனின் புகைக்கட்டுப்பாட்டுக் கட்டணம் நாளுக்கு 12.50 பவுண்டு, நண்பரை அழைத்துவரப் போகும் அன்று நினைவிருக்கட்டும். முக்கியமாக, அவர் வீட்டுத் தபாலைப் பாருங்கள். வேகக் கேமராவில் நீங்கள் சிக்கினாலும் நோட்டீஸ் அவர் பெயருக்குத்தான் வரும். யார் ஓட்டியது என்று 28 நாளுக்குள் அவர் பதில் அனுப்பாவிட்டால், ஊரில் மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு 6 புள்ளி விழும். பக்கத்துத் தெருதானே, வாரம் இருமுறை ஒரு நடை போய்க் கதவுக்கடியில் கிடப்பதை எடுத்து, படம்பிடித்து அவருக்கு அனுப்புங்கள்.

பாலிசி மின்னஞ்சல் வந்ததும் தொடங்கும் நேரத்தைப் பாருங்கள். திங்கள் காலை 7:30 என்றிருந்தால் 7:25க்கு வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள். குழந்தை இருக்கையை உங்கள் காரிலிருந்து கழற்றக் கராஜுக்குப் போகும்போது மெக்கானிக்கிடம் அந்த வோல்ட் தாளையும் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். அதுவரை நர்சரிக்குப் பஸ்தான்.